பழுப்பு பாட்டிலில் பிரேக் ஆயில்

கம்பவுண்டர் வீட்டு வாசலில் அந்தப் பழைய டீசல் கார் வந்து நின்றதிலிருந்து தெருவுக்குப் பொழுதுபோக்கில் குறைவில்லை. ஸ்டார்ட் செய்தால் முதலில் இருமும். பிறகு தொண்டையைச் செருமும். அதற்கப்புறம் உடம்பை ஒரு உதறு உதறி, எதிர்வீட்டுக் கொடியில் காயும் துணிகளின் மேல் கரும்புகையை விடும். நிறமும் ஒரு மாதிரிச் சாம்பல் கறுப்பு. தெரு அதற்கு எருமை என்று பெயர் வைத்தது. பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது.

எருமை கம்பவுண்டருடையது அல்ல. அவர் மனைவியின் தம்பி, இன்ஷூரன்ஸ் ஏஜென்ட், யாரிடமோ மலிவாகக் கிடைத்தது என்று வாங்கியது. அவன் குடியிருக்கும் சந்துக்குள் அதன் முகம் நுழைந்தது, இடுப்பு நுழையவில்லை. "உங்க வாசல்ல நிக்கட்டும் அத்தான்" என்று கொண்டுவந்து விட்டுவிட்டு, தேவைப்படும்போது மட்டும் வந்து ஓட்டிக்கொண்டு போனான். தாலி கட்டினவன் ஒருத்தன், குடித்தனம் நடத்துகிறவர் இன்னொருத்தர் என்று மாடிவீட்டுப் பெண்கள் சிரித்தார்கள்.

கம்பவுண்டர் உண்மையிலேயே குடித்தனம்தான் நடத்தினார். பெரிய ஆஸ்பத்திரியில் கம்பி ஜன்னலுக்குப் பின்னால் நின்று ஊருக்கெல்லாம் மருந்து கொடுத்து ஓய்வு பெற்றவர். காய்ச்சலோடு வந்தவர்களைக்கூட லேபிளைப் படித்துக் காட்டச் சொல்லிவிட்டுத்தான் அனுப்புவார். ஓய்வுக்குப் பிறகு மருந்து கொடுக்க ஆளில்லாமல் கை நமநமத்துக்கொண்டிருந்தவருக்கு எருமை கிடைத்தது. நோயாளியாவது கொஞ்சநாளில் குணமாகிப் போய்விடுவான். பழைய டீசல் வண்டி அப்படியா?

முதல் கவலை என்ஜின் ஆயில். வண்டியோடு வந்த கையேடு அவருக்குத் தெரியாத ஏதோ ஒரு மொழியில் இருந்தது; எண்களை மட்டும் படிக்க முடிந்தது. இந்த ஊர் மலைமேல் இருக்கிறது, காலையில் கைவிரல் மடங்காத குளிர். குளிருக்கு இளகிய ஆயில் வேண்டும். ஆனால் வண்டி கிழடு, உள்ளே தேய்மானம் இருக்கும், அதற்குக் கெட்டி ஆயில் வேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவில் கம்பவுண்டர் தூக்கம் கெட்டார்.

என்ஜினில் காதை வைத்தே நோய் சொல்லும் மெக்கானிக் ஒருவன் கடைத்தெருவில் உண்டு. ஊரில் அவனுக்குக் காது மெக்கானிக் என்றே பெயர். அவன், "கெட்டியா ஊத்துங்க சார், சத்தம் அடங்கிடும்" என்றான். உதிரிபாகக் கடைக்காரம்மா, வண்டி பிறந்த வருஷம் கேட்காமல் ஒரு திருகாணிகூட விற்காதவர், "சத்தத்தை அடக்கவா ஆயில் ஊத்தறது? அப்ப பஞ்சை வச்சு அடைக்கச் சொல்லுங்க" என்றார். கடைசியில் பதினைந்து, நாற்பது என்று எண் போட்ட டீசல் ஆயிலுக்கு இருவரும் தனித்தனியாக ஒப்புக்கொள்ள, கம்பவுண்டர் அதை வாங்கி மாற்றினார். இரண்டாம் நாளே ஆயில் அளவு பார்க்கும் கோலை உருவிப் பார்த்தால் ஆயில் மை மாதிரி கறுத்திருந்தது. அவருக்கு வேர்த்துவிட்டது. கடைக்காரம்மாவிடம் ஓடினார்.

"டீசல் வண்டியில போட்ட ஆயில் கறுக்காம சிவக்குமா? கரியைக் கழுவுது சார். போய் நிம்மதியா சாப்பிடுங்க."

போனார், சாப்பிட்டார், நிம்மதி மட்டும் வரவில்லை. ரேடியேட்டரில் பச்சைத் தண்ணீரோடு சிவப்புத் தண்ணீரைக் கலந்தால் சேறாகும் என்று யாரோ சொல்ல, அதற்கு ஒரு வாரம். பிரேக் ஆயிலில் மூன்றாம் எண்ணா நான்காம் எண்ணா என்று அதற்கு ஒரு வாரம். "அத்தான், இதைச் சாப்பாட்டுக்கு முன்னாடி ஊத்தணுமா, பின்னாடியா?" என்று மச்சினன் கேட்டபோதெல்லாம் வீடே சிரித்தது. கம்பவுண்டரும் சிரித்தார். ஆனால் உள்ளுக்குள், இந்த வண்டியில் என் பெண்ணும் ஏறப்போகிறாள், நினைவிருக்கட்டும் என்று சொல்லிக்கொண்டார்.

அந்த பிரேக் ஆயிலில்தான் விஷயமே இருக்கிறது. திறந்த டின்னில் மீதம் வைத்தால் அது காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்துக் கெட்டுப்போகும் என்று கடைக்காரம்மா எச்சரித்திருந்தார். ஈரம் குடிக்கும் சரக்கைப் பாதுகாப்பது கம்பவுண்டருக்குத் தெரியாதா? ஆஸ்பத்திரி நாளிலிருந்து சேர்த்து வைத்திருந்த பழுப்புக் கண்ணாடி பாட்டில்களை எடுத்தார். கொதிநீரில் அலசி, காயவைத்து, கழுத்துவரை நிரப்பி, மூடியை முறுக்கினார். பார்க்க அழகாக இருக்கவே ஸ்டீரிங்குக்கான சிவப்பு ஆயிலையும் அதே மாதிரி பாட்டிலில் மாற்றினார். பிரேக்குக்குச் சிவப்பு லேபிள், ஸ்டீரிங்குக்கு வெள்ளை லேபிள், இரண்டிலும் முத்து முத்தான கையெழுத்து. கூடத்து அலமாரியில் நடுத்தட்டில் இடதுகைப் பக்கம் பிரேக், வலதுகைப் பக்கம் ஸ்டீரிங்.

லேபிள் எழுதியது மற்றவர்களுக்காக. அவர் தாமே லேபிளைப் படித்து மருந்து எடுத்ததே கிடையாது. கம்பி ஜன்னலில் வரிசை நீளும்போது எந்தக் கம்பவுண்டர் படித்துக்கொண்டிருப்பான்? இன்ன மருந்து இன்ன இடம் என்று கைக்குத் தெரியும். கை போகும், எடுக்கும், ஊற்றும், திரும்ப வைக்கும். இது வெளியே யாருக்கும் தெரியாத சங்கதி.

இனி அன்றைய காலைக்கு வருவோம்.

மகளுக்குக் கீழே சமவெளியில் ஒரு கல்லூரியில் வேலை கிடைத்திருந்தது. பெட்டி படுக்கையோடு அவளை மாமன் எருமையில் கொண்டுபோய் விடுவதாக ஏற்பாடு. மலைப்பாதை முழுக்க இறக்கம். கொண்டை ஊசி வளைவுகள் ஒன்றுக்குக் கீழே ஒன்றாக மடிந்து கிடக்கும். கம்பவுண்டர் விடிந்ததும் எழுந்து, கண்ணாடியை நெற்றிக்கு மேல் ஏற்றிவிட்டுக்கொண்டு, பானட்டைத் திறந்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். என்ஜின் ஆயில் சரி. ரேடியேட்டர் சரி. பிரேக் ஆயில் டப்பாவில் மட்டும் கோட்டுக்கு ஒரு நூல் கீழே இருந்தது. வேறு யாராக இருந்தாலும் அப்படியே மூடியிருப்பார்கள். அவர் உள்ளே போய் பாட்டிலை எடுத்துவந்து, கோடு தொடும்வரை ஊற்றி, துணியால் விளிம்பைத் துடைத்து, பாட்டிலைப் பழைய இடத்தில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனார்.

அவர் குளித்து வருவதற்குள் மச்சினன் வந்து, சாவியைப் போட்டு, வண்டியைப் பின்னால் எடுத்துத் தெருவில் நிறுத்தியிருந்தான். மகள் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். கம்பவுண்டர் துடைத்த துணியைக் கொடியில் போட உதறினார். அதில் சிவப்பாக ஒரு பொட்டு.

கை அப்படியே நின்றது. பிரேக் ஆயில் இளமஞ்சள். ஸ்டீரிங் ஆயில்தான் சிவப்பு.

போன வாரம் ஸ்டீரிங்குக்கு ஊற்றியபோதும் இதே துணிதானே, அந்தக் கறையாக இருக்கும் என்று மனசுக்குச் சொன்னார். மனசு கேட்கவில்லை. அலமாரிக்குப் போனார். இடதுகைப் பக்கம் வெள்ளை லேபிள். வலதுகைப் பக்கம் சிவப்பு லேபிள். அலமாரி பளபளவென்று இருந்தது.

மனைவி அடுப்படியில் தம்பிக்குத் தோசையோ ரொட்டியோ எதையோ திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"அலமாரியைத் தொடச்சியா?"

"தொடச்சேன். என் தம்பி பொண்டாட்டி வந்தா விரலால தடவிப் பாப்பா. அதுக்கு முன்னாடி நானே தொடச்சிட்டேன்."

"எடுத்ததை எடுத்த இடத்துல வச்சியா?"

"உங்க பாட்டிலுக்குத் தனித்தனிச் சிம்மாசனம் இருக்கறது எனக்கு ஞாபகமில்லீங்க."

"அது சரி. எப்பத் தொடச்ச?"

"காலைல."

"காலைலன்னா, நான் வண்டியப் பாக்கறதுக்கு முன்னாடியா, அப்புறமா?"

"நீங்க எப்ப வண்டியப் பாக்காம இருந்தீங்க?" என்றாள் மனைவி.

அப்புறம் துடைத்திருந்தால் பிரேக்குக்கு பிரேக் ஆயிலே போயிருக்கும், கவலையில்லை. முன்னாலேயே துடைத்திருந்தால், கை இடதுபக்கம் போய் ஸ்டீரிங் ஆயிலை எடுத்திருக்கும். பழுப்புக் கண்ணாடி நிறத்தைக் காட்டாது. வெயில் படாமல் மருந்தைக் காப்பாற்றுகிற அந்தப் பழுப்புதான் இப்போது அவர் கண்ணை மறைத்திருந்தது.

வெளியே வந்து டப்பாவுக்குள் எட்டிப் பார்த்தார். டப்பாவே வயசாகிப் பழுத்திருந்தது. உள்ளே பழைய ஆயில் டீ மாதிரி. அதில் ஒரு கரண்டி சிவப்பு கலந்தால் யாருக்குத் தெரியும்?

"என்ன அத்தான், உள்ள ஏதாவது மீன் வளக்கறீங்களா?" மச்சினன் பின்னால் வந்து நின்றான். ஊரெல்லாம் சாவையும் விபத்தையும் சொல்லிப் பயமுறுத்திப் பாலிசி விற்கிறவன். தன் விஷயத்தில் துளி பயம் கிடையாது.

"பிரேக் எப்படி இருக்கு மாப்ள?"

"கல்லு மாதிரி நிக்குது. பின்னால எடுக்கறப்ப மிதிச்சுப் பாத்தேனே."

கல் மாதிரி நின்றதுதான் கம்பவுண்டரைப் பயமுறுத்தியது. ஆஸ்பத்திரியில் சொட்டு மருந்துக் குழலின் ரப்பர் குமிழை யாராவது தெரியாமல் எண்ணெயில் போட்டுவிட்டால் முதலில் ஒன்றும் ஆகாது. நன்றாகத்தான் அமுங்கும். கொஞ்ச நேரம் போன பிறகு பார்த்தால் தவளை மாதிரி உப்பி, குழலை விட்டுக் கழன்றுவிடும். பிரேக்குக்குள்ளும் ரப்பர்தான். வாசலில் கல் மாதிரி நிற்கும். இறக்கத்தில் மிதித்து மிதித்துச் சூடேறி, நாலாவது வளைவோ ஐந்தாவது வளைவோ வரும்போதுதான் உப்பும். அப்போது முன்சீட்டில் மடியில் கைப்பையோடு உட்கார்ந்திருப்பது யார்?

சொல்லிவிட வேண்டியதுதான். ஆனால் என்னவென்று சொல்வது? இத்தனை நாள் எல்லோருக்கும் எண் எண்ணாகப் பாடம் நடத்திவிட்டு, பாட்டில் மாறிப்போச்சு என்றா? ஒருவேளை மாறாமலே இருந்தால்? எதிர்வீட்டு மாடியில் இரண்டு தலை ஏற்கெனவே முளைத்திருந்தது. பக்கத்து வீட்டு டெய்லர் அளவு நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு படியிலேயே உட்கார்ந்துவிட்டார். எருமை புறப்படுவதைப் பார்ப்பதில் தெருவுக்கு அத்தனை ஈடுபாடு.

முதலில் வளைத்துப் பார்த்தார். "வானம் மூடியிருக்கே, நாளைக்குப் போனா என்ன?"

"மூடல அத்தான், வெயில் அடிக்குது."

"எனக்கு லேசா நெஞ்சு படபடங்குது."

"வாங்க, வழியில டாக்டர்கிட்டக் காட்டிட்டுப் போறேன். ஏறுங்க."

அதற்கு மேல் வளைக்க இடமில்லை. மச்சினன் சாப்பிட உள்ளே போனான். கம்பவுண்டர் வாசல்படியில் நின்றார். காலமெல்லாம் மருந்து கலக்கிய மனுஷன் கடைசியில் மருந்து கலக்கும் புத்தியைத்தான் நம்பினார். பெயர்தான் பிரேக் ஆயிலே தவிர, அது எண்ணெய் ஜாதி இல்லை. ஈரத்தைக் குடிக்கும் என்றால் தண்ணீரோடு சேரும் என்றுதானே அர்த்தம்? ஸ்டீரிங் ஆயில் அசல் எண்ணெய், அது மிதக்கும்.

"அம்மாடி, ஒரு தம்ளர் தண்ணி கொண்டா. கண்ணாடித் தம்ளர்ல."

"ஏம்ப்பா, எவர்சில்வர் ஆகாதா?" என்று கேட்டுக்கொண்டே மகள் கொண்டுவந்தாள். அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். பக்கத்திலேயே நின்றுகொண்டாள்.

அவர் உள்ளேயிருந்து ஊசியில்லாத சிரிஞ்சைக் கொண்டுவந்து, டப்பாவின் மேல்மட்டத்திலிருந்து கொஞ்சம் ஆயிலை இழுத்தார். அந்தக் கை எத்தனையோ குழந்தைகளுக்குச் சொட்டுக் கணக்கில் மருந்து அளந்த கை. மதிற்சுவர் மேல் தம்ளரை வைத்து, நெற்றியிலிருந்த கண்ணாடியைக் கண்ணுக்கு இறக்கிக்கொண்டு, அழுத்தினார்.

முதலில் ஏதோ புகை மாதிரி தண்ணீருக்குள் இறங்கிக் கரைந்தது. அப்பாடா என்று மூச்சை விடப்போனார். விடுவதற்குள், மேலே ஒரு சின்ன வட்டம் ஒதுங்கியது. இன்னொன்று வந்து அதோடு ஒட்டியது. வெயில் பட்டதும் அது ரோஜா நிறத்தில் மினுங்கியது. மகள் விரலால் தம்ளரை லேசாக ஆட்டிப் பார்த்தாள். வட்டம் நெளிந்ததே தவிர கரையவில்லை.

"என்னப்பா இது?"

அதற்குள் மச்சினன் வாயைத் துடைத்துக்கொண்டு வந்தான். "ரோஸ் தண்ணியா? ஒரு வாய் குடுங்க" என்று தம்ளரைத் தூக்கியும் விட்டான்.

"வைடா கீழ" என்றார் கம்பவுண்டர்.

அவர் மச்சினனை டா போட்டு அந்தத் தெரு கேட்டதில்லை. மச்சினனும் கேட்டதில்லை போலிருக்கிறது, உடனே வைத்துவிட்டான். டெய்லர் படியிலிருந்து எழுந்தே நின்றார்.

"வண்டி போகக்கூடாது மாப்ள. பிரேக்குல ஸ்டீரிங் ஆயில் கலந்திருக்கு. நான்தான் ஊத்தினேன்."

"விளையாடாதீங்க அத்தான். பிரேக் பிடிக்குதே."

"இங்க பிடிக்கும். இறக்கத்துல ரப்பர் உப்பிக்கும். அப்புறம் பிடிக்காது. நான் லேபிளைப் படிக்காம ஊத்திட்டேன்."

கடைசி வார்த்தைகளை மெதுவாகத்தான் சொன்னார். ஆனாலும் மாடியில் கேட்டுவிட்டது, அங்கேயிருந்து "யாரு, கம்பவுண்டரா படிக்கல?" என்று ஒரு குரல் வந்து, யாரோ கிள்ளியதில் நின்றது. வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு மனைவி நின்றிருந்தாள், கையில் கரண்டியோடு. அவளை அவர் திரும்பியே பார்க்கவில்லை. அலமாரியைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை.

மச்சினன் தம்ளரைப் பார்த்தான். பானட்டைப் பார்த்தான். முன்சீட்டில் மருமகள் வைத்திருந்த கைப்பையைப் பார்த்தான். வழக்கமாக இந்த மாதிரி இடத்தில் அவன் ஒரு ஜோக் அடிக்க வேண்டும். இன்று பின்கதவைத் திறந்து பெட்டிகளை இறக்க ஆரம்பித்தான்.

காது மெக்கானிக் வந்தான். பழக்கதோஷத்தில் பானட்டில் காதை வைக்கப் போனவனிடம் கம்பவுண்டர் தம்ளரை நீட்டினார். "இது என்ன சார் வைத்தியம்?" என்றவன், சொட்டைத் தொட்டு விரலில் தேய்த்துப் பார்த்ததும் அடங்கிவிட்டான். "மிதிச்சு ஓட்டியாச்சா?" என்றான். பின்னால் எடுத்தது மட்டும்தான் என்றார்கள். "அப்ப பொழைச்சீங்க. இருந்தாலும் எல்லாத்தையும் எடுத்துக் கழுவி, ரப்பர் பூரா மாத்தாம நான் தரமாட்டேன்." எருமையைக் கயிற்றில் கட்டி வேறொரு வண்டி இழுத்துக்கொண்டு போனது. தெரு முழுக்க வழியனுப்பி வைத்தது.

மகளுக்கு வாடகைக் கார் வந்தது. பெட்டிகள் ஏறின. மாமனும் கூடப் போவதற்கு ஏறி உட்கார்ந்தான். எல்லாம் முடிந்தது என்று நினைத்தால், கம்பவுண்டர் டிரைவரின் ஜன்னலில் குனிந்து நிற்கிறார்.

"தம்பி, பிரேக் ஆயில் எது ஊத்தியிருக்கீங்க?"

"அதெல்லாம் ஓனரு பாத்துக்குவாருங்க."

"அந்த ஓனர் படிச்சுப் பாத்து ஊத்தறவரா?"

"அப்பா," என்றாள் மகள் உள்ளேயிருந்து, "இறங்கினதும் போன் பண்றேன். தள்ளி நில்லுங்க."

தள்ளி நின்றார். கார் திரும்பி மறைந்த பிறகும் நின்றார்.

அதற்கப்புறம் நேரம் நகரவே மாட்டேன் என்றது. மனைவி காபியைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள். அது ஏடு கட்டியது. அவள் போகாமல் நின்றாள்.

"அலமாரியில நான்தான் மாத்தி வச்சேன்."

"தெரியும்."

"தெரிஞ்சா அத்தனை பேர் முன்னாடி சொல்ல வேண்டியதுதானே? எல்லாத்துக்கும் என்னைத்தானே சொல்லுவீங்க."

"எங்க வச்சா என்ன? படிச்சிருந்தா தெரிஞ்சிருக்கும்."

"அப்ப ஆஸ்பத்திரியிலயும் இப்படித்தான் படிக்காமக் குடுத்தீங்களா?"

காலையிலிருந்து அவர் மனசுக்குள் கிடந்து உருண்டதும் அதுதான். வளைவில் போகிற மகளை நினைக்காத நேரங்களில், கம்பி ஜன்னலுக்கு வெளியே நீட்டிய கைகளை ஒவ்வொன்றாக நினைத்துக்கொண்டிருந்தார். அங்கே யாரும் அலமாரியைத் துடைத்ததில்லை என்று சொல்லிக்கொண்டார். துடைத்திருந்தால்?

போன் அடித்தது. எடுக்கப் போனவர் துண்டு தடுக்கித் தடுமாற, மனைவிதான் முதலில் எடுத்தாள். கேட்டுக்கொண்டே தலையை ஆட்டினாள். அந்த ஆட்டல் நல்லதற்கா கெட்டதற்கா என்று புரியாமல் அவர் அவள் முகத்தையே பார்த்தார்.

"இறங்கிட்டாளாம். மாமன் வழி பூரா கண்ணை மூடிக்கிட்டே வந்தானாம்" என்றாள். பிறகு போனை வைத்துவிட்டு, "அவனா!" என்று தனக்குள் சொல்லிக்கொண்டு உள்ளே போனாள்.

மதிற்சுவர் மேல் அந்தத் தம்ளர் இன்னும் இருந்தது. சிவப்பு வட்டம் அப்படியே மிதந்துகொண்டிருந்தது. டெய்லரும், மாடிவீட்டுக்காரர்களும், துணி காயப்போடுகிற அம்மாவும் ஒவ்வொருவராக வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். கொட்டுவதற்கு மட்டும் யாருக்கும் தைரியம் வரவில்லை.

கம்பவுண்டர் கண்ணாடியைச் சரியாக மாட்டிக்கொண்டு, ஒரு லேபிள் எடுத்து, "குடிக்கக் கூடாது" என்று எழுதித் தம்ளரில் ஒட்டினார். ஒட்டிய பிறகு ஒருமுறை வாய்விட்டுப் படித்தார். பிறகு உள்ளே போய், அலமாரி முன்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, மேல்தட்டிலிருந்து ஒவ்வொரு பாட்டிலாக எடுத்துப் படிக்க ஆரம்பித்தார்.